தொட்டிக்கு ரிப்பன் கிடையாது

பாட்டில் காலையில் கொடுத்தனுப்பிய அதே கனத்தோடு திரும்பி வந்திருந்தது. திருச்செல்வம் அதை ஷாமினியின் பள்ளிப்பையிலிருந்து உருவி மூடியைத் திருகினான். கழுத்துவரை தண்ணீர். ஒரு மிடறுகூடக் குறையவில்லை.

"இது என்னா?"

ஷாமினி காலுறையைக் கழற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். "மறந்துட்டேன்பா."

"ஆஸ்பத்திரில ஊசி குத்துனப்ப கத்துனியே, அதுவும் மறந்துபோச்சா?"

அவள் இன்னொரு காலுறையையும் உருவினாள். பதினொரு வயதுப் பிள்ளை. சிறுநீரகத்தில் கிருமி ஏறி, காய்ச்சலில் பல் கிட்டி, கையில் ட்ரிப் ஊசியோடு கிடந்து இப்போதுதான் வீடு திரும்பியிருந்தாள். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இன்னொரு முறை வந்தால் கிட்னி கெட்டுவிடும் என்று டாக்டரம்மா மலாயில் இரண்டு தடவை சொன்னார். சிறுநீரை அடக்கி வைக்கிறாயா என்று கேட்டதற்கு ஷாமினி அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். திருச்செல்வம் அதை நம்பினான். துறைமுகத்துக் கிடங்கில் இரவெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டுப் பகலில் பிணம்போலத் தூங்குகிறவனுக்கு, பிள்ளை சொல்வதை நம்புவதைவிட வேறு வேலை எதுவும் சுலபமாக இல்லை.

"பாட்டில் தண்ணி சுடுதுப்பா" என்றாள் கடைசியில். "ஸ்கூல்ல புது மெஷின் வச்சிருக்காங்க. ஜில்லுனு வருமாம். ஆனா யாரும் தொடக்கூடாது."

"ஏன்?"

"ரிப்பன் கட்டியிருக்கு. வைபி வந்து வெட்டணுமாம்."

அவன் பாட்டிலை மேசையில் வைத்தான். வைத்த வேகத்தில் தண்ணீர் எகிறி அவன் முகத்தில் அடித்தது.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து, வீடிருக்கும் பண்டமாரானுக்குத் திரும்பும் வழியில் அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் டீயை ஆற ஆற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வைபி என்கிற சட்டமன்ற உறுப்பினர் ஒருத்தர் கத்தரிக்கோலைப் பிடிக்க நேரம் ஒதுக்கும்வரை ஒரு பள்ளிக்கூடம் முழுக்கத் தாகத்தோடு நிற்க வேண்டும். மாலை வாங்கி, சால்வை வாங்கி, பிள்ளைகளை வெயிலில் நிற்க வைத்துக் கொடி ஆட்டச் சொல்லி, அதற்கப்புறம்தான் தண்ணீர். நம்மாட்களுக்கு எதையும் திறந்து வைக்காமல் திறக்கத் தெரியாது. இதை நினைக்க நினைக்க அவனுக்குக் கண்ணெரிச்சலும் கோபமும் எது எதுவென்று பிரியாமல் ஒன்றாகிப்போயின. இடைவேளை நேரத்துக்குப் பள்ளிக்கு வண்டியை விட்டான்.

வாசலில் காவலுக்கு இருந்த பக்கிரிசாமி, அவனுடைய மஞ்சள் வேலையங்கியைப் பார்த்ததும் கேள்வியே கேட்காமல் கேட்டைத் திறந்தார்.

"பைப் ரிப்பேருக்குத்தானே? வாங்க தம்பி. புள்ளைங்க தவிச்சுப்போச்சுங்க."

திருச்செல்வம் திருத்தவில்லை.

மெஷின் அலுவலகத்துக்கு வெளியே, பார்வையில் படும்படி நின்றது. பளபளவென்ற எஃகு, மூன்று குழாய்கள், குறுக்கே சிவப்பு ரிப்பன். மேலே கறுப்புக் கல்லில் தங்க எழுத்தில் நன்கொடையாளர் சேவுகனின் பெயர், குழாய்களைவிடப் பெரிதாக. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், சாமி சிலையைச் சுற்றுவதுபோல.

தலைமையாசிரியர் தியாகராஜன் வெளியே வந்தார். "யாரு, ஷாமினி அப்பாவா? புள்ள எப்படி இருக்கு?"

"இந்த மெஷின்ல தண்ணி வருதா சார்?"

"வரும், வரும். மெயின் பைப்லேர்ந்து தனி லைன் இழுத்திருக்கோம். வைபி டேட் குடுத்துட்டாருன்னா மறுநாளே ஓபனிங் லா. கொஞ்சம் பொறுங்க."

"எம் மவ கிட்னி பொறுக்காதாம் சார்."

"ஏன் கோவப்படுறீங்க? குடுத்தவங்க மனசு நோகக்கூடாதுல்ல? நாளைக்கு இன்னொண்ணு கேக்கணும்னா..."

திருச்செல்வம் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். கிடங்கில் பேலட் பிளாஸ்டிக்கை அறுக்கும் குட்டிக் கத்திதான். ஆனால் தியாகராஜன் பின்வாங்கிக் கதவில் முதுகு இடித்துக்கொண்டார். ரிப்பன் ஒரே இழுப்பில் அறுந்து தரையில் விழுந்தது.

"டேட் குடுத்தாச்சு" என்றான். "வந்து குடிங்கடா!"

பையன்கள் பாய்ந்தார்கள். ஒருத்தன் வாயையே குழாயில் வைத்தான். இன்னொருத்தன், "ஐஸ் மாதிரி இருக்குடா டேய்!" என்று கத்தி, அடுத்தவன் சட்டைக்குள் ஒரு கை நீரை ஊற்றினான். நெஞ்சு கொஞ்சம் தணிகிற நேரத்தில்தான் திருச்செல்வம் கவனித்தான். ஒரு பெண்பிள்ளைகூட வரவில்லை. தூண்களுக்குப் பின்னால் கூட்டமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு ஷாமினியும் நின்றாள், வெட்கத்தில் காது சிவந்து, பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு.

அவன் போய்ப் பாட்டிலைப் பிடுங்கினான். அன்றைக்கும் நிறைந்தே இருந்தது.

"இப்ப என்னாடி? அதான் தொறந்தாச்சே!"

"வேணாம்பா."

"ஏன்?"

அவள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "குடிச்சா போகணும். எங்க டாய்லெட்ல தண்ணியே வராதுப்பா. ரொம்ப நாளா. அதனால யாருமே குடிக்க மாட்டோம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அம்மாகிட்ட சொன்னேன். அடக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்து போன்னாங்க. அவங்களும் ஃபேக்டரில அப்படித்தானாம்."

தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலையில் கையுறை பொறுக்கும் அவன் மனைவி, அவன் பக்கத்தில் படுத்து எழும் சீதாலெட்சுமியும் இப்படித்தான். அந்த வீட்டில் இரண்டு பேர் பகல் முழுக்க அடிவயிற்றை இறுக்கிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவன் அறிந்ததெல்லாம் பாட்டில் காலியானதா இல்லையா என்பது மட்டும்.

பாட்டிலை அவள் கையில் திணித்துவிட்டுப் போய்ப் பெண்கள் கழிப்பறைக் கதவைத் தள்ளினான். வீச்சம் கண்ணைக் கரித்தது. குழாயைத் திருகினால் காற்று சீறியது. காய்ந்துபோன வாளி ஒன்று மூலையில் கவிழ்ந்து கிடந்தது.

"இதுக்கு மேல உள்ள தொட்டி வெடிச்சுப்போச்சு" என்றார் தியாகராஜன், வாசற்படியைத் தாண்டாமல். "எழுதிப் போட்டிருக்கோம். தொட்டிக்குன்னு கேட்டா யாரும் ஸ்பான்சர் பண்ண மாட்டேங்குறாங்க. நான் என்னா செய்ய?"

"கூரை மேல பேர் எழுதுனா கீழேர்ந்து தெரியாதுலா சார். தொட்டிக்கு ரிப்பன் வேற கட்ட முடியாது."

அவன் வாளியை எடுத்துக்கொண்டு போய் மெஷினுக்கு அடியில் வைத்தான். மூன்று குழாய்களையும் ஒருசேரத் திறந்துவிட்டான்.

"செல்வம்! அது ஃபில்டர் தண்ணி! குடிக்கிற தண்ணி!"

"குடிச்ச தண்ணி வெளிய போக வேணாமா சார்?"

தியாகராஜன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சேவுகனுக்கா, போலீசுக்கா என்று தெரியவில்லை. திருச்செல்வம் வாளியைத் தூக்கிப் போய் ஊற்றினான். சில்லென்ற, வடிகட்டிய, பளிங்குபோன்ற தண்ணீர் பழுப்பேறிய பீங்கானைச் சுழற்றிக்கொண்டு போனது. மறுபடி வந்தான். மறுபடி ஊற்றினான். விளக்குமாற்றால் தரையைத் தேய்த்தான். நான்காவது வாளியோடு திரும்பியபோது கதவுக்கு வெளியே பெண்பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். யாரும் அவர்களை நிற்கச் சொல்லவில்லை. சின்னதுகள் முன்னால், காலைப் பின்னிக்கொண்டு.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஆசிரியை ஒருத்தி மாடியிலிருந்து வகுப்புக்கு வரச் சொல்லிக் கத்தினாள். வரிசை அசையவில்லை. அதன் கடைசியில் ஷாமினி, தலையை நிமிர்த்தி, இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்து, மூச்சு விடாமல் குடித்துக்கொண்டிருந்தாள்.