அண்ணன் என்ன சொன்னான்

எங்கள் ஊர் செலின் டாக்கீஸில் இடைவேளை எப்போது என்பதை முடிவு செய்வது கேன்டீன் பௌலோஸின் எண்ணெய்ச் சட்டிதான். எண்ணெய் காய்ந்து, முதல் ஈடு பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, பொன்னிறமாக மிதந்ததும் பௌலோஸ் தாழ்வாரத்தில் தொங்கும் வெண்கல மணியை அடிப்பார். மேலே அறையில் ஆபரேட்டர் மொய்தூட்டி மெஷினை நிறுத்துவார். அந்த நேரத்தில் திரையில் யார் செத்துக்கொண்டிருக்கிறார்கள், யார் பிறந்துகொண்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் இருவருக்கும் ஒரு பொருட்டல்ல.

மற்ற மாதங்களில் இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது. நம் ஆட்கள் இடைவேளைக்கு ஓர் இடம் விட்டுத்தான் படமே எடுக்கிறார்கள். சிக்கல் கர்க்கடகத்தில் வரும். மழை கொட்டுகிற அந்த மாதத்தில் மாலைக் காட்சிக்கு ஆள் வருவதில்லை என்பதால், உரிமையாளர் ரோசிலி சேச்சி அதை எங்கள் ஃபிலிம் சொசைட்டிக்கு விட்டுவிடுவார். மாதம் முழுக்க, தினம் ஒரு வெளிநாட்டுப் படம். அந்த நாட்டுக்காரர்களுக்குப் பழம்பொரி பற்றி ஒன்றும் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு ஒரே மூச்சில் எடுத்து வைத்திருப்பார்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். முக்கால் மணிக்கு ஒரு தரம் மணி அடிக்கும். எத்தனையோ போர்களை நான் பாதியில் நிறுத்தியிருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் குக்கர், வாசல் மணி, எதிர்ப்புறத் தேவாலய மணி. ஒரு நினைப்பை முழுதாக நினைத்து முடித்த நாள் என் வாழ்க்கையில் உண்டா என்று சில சமயம் யோசிப்பேன். அந்த யோசனையும் பாதியில் நின்றுபோகும்.

சில வருடங்களுக்கு முன்னால் சொசைட்டி ஒரு ஜார்ஜியப் படம் போட்டது. அப்பா விட்டுப்போன திராட்சைத் தோட்டத்துக்காக அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தி, இப்போது இருவருக்கும் வயதாகிவிட்டது. தங்கை மலையைத் தாண்டி அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். உள்ளே வந்து நாற்காலியில் உட்காருகிறாள். அண்ணன் அடுப்பில் தண்ணீர் வைக்கிறான். தண்ணீர் கொதிக்கிறது, வெளியே மழை பிடிக்கிறது, இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் பேசவில்லை. நான் அதுவரை பார்த்த எந்தப் படத்திலும் அப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை. கடைசியில் அண்ணன் தலையை நிமிர்த்தி வாயைத் திறந்தான். பௌலோஸ் மணியடித்தார்.

மணியடித்த இடத்தில் ரீலைக் கழற்றி அடுத்ததை மாட்டுவது மொய்தூட்டியின் வழக்கம். கழற்றிய ரீலின் மிச்சம் பெட்டிக்குள் போய்விடும். இடைவேளை முடிந்தபோது அண்ணனும் தங்கையும் தோட்டத்தில் சிரித்துக்கொண்டே திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை வருடப் பகையை அவிழ்த்த அந்த ஒரு வாக்கியம் என்ன? அன்றிலிருந்து அது என் தொண்டையில் முள்ளாக நின்றது. வகுப்பில் பையன்கள் தேர்வு எழுதும்போது நினைத்துக்கொள்வேன். அண்ணன் என்ன சொன்னான்?

ஒவ்வொரு வருடமும் கமிட்டியில் அந்தப் படத்தை மறுபடி வரவழைக்கச் சொல்லி வாதாடி, இந்த வருடம்தான் நடந்தது. மாதத்தின் கடைசி நாள் படம் அதுதான் என்று முடிவானது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அன்றைக்கு மணி அடிக்கக் கூடாது.

முதலில் நேர்வழியில் போனேன். பௌலோஸ் நேந்திரம்பழத்தை நீளவாக்கில் சீவிக்கொண்டிருந்தார்.

"பௌலோஸ் சேட்டா, கடைசி நாள் மட்டும் மணி அடிக்காம இருக்கலாமா?"

"உங்க ஸ்கூல்ல மணி அடிக்கலேன்னா பசங்க என்ன பண்ணுவாங்க டீச்சரே?"

"உக்காந்திருப்பாங்க."

"சும்மா சொல்லாதீங்க. என் பொண்ணு உங்ககிட்டதான் படிச்சா."

"கொஞ்சம் தள்ளியாவது அடிங்களேன்."

"நீங்க சொன்னா நான் தள்ளிப்பேன். பழம்பொரி தள்ளிக்காது. ஆறிப்போனா ரப்பர். ரப்பரைத் தின்னுட்டு உள்ள போனா எந்தப் படம்தான் நல்லா இருக்கும்? திட்டு உங்க சொசைட்டிக்குத்தான்."

அதில் நியாயம் இருந்தது. நியாயத்தோடு சண்டை போட எனக்குத் தெரியாது. அதனால் அடுத்த வாரம், தாழ்வாரத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மணியின் நாக்கைக் கழற்றி டிபன் கேரியரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மாலை, போர்க்காலத்துப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பௌலோஸ் கயிற்றை இழுத்துப் பார்த்திருக்கிறார், மணி ஊமையாக ஆடியிருக்கிறது. அவர் பெரிய அண்டாவின் மூடியை எடுத்துக் கரண்டியால் வெளுத்து வாங்கினார். திரையில் விமானம் பறந்துகொண்டிருந்த நேரம். பின்வரிசையில் இருவர் நாற்காலிக்கு அடியில் குனிந்துவிட்டார்கள். அந்தக் காட்சியின் ஒலியமைப்பைப் பற்றி படம் முடிந்தபின் நடந்த கலந்துரையாடலில் நெடுநேரம் பாராட்டிப் பேசினார்கள்.

இடைவேளையில் பௌலோஸ் எனக்கு மட்டும் ஒரு பரிப்புவடை இனாமாகக் கொடுத்தார்.

"மணியோட நாக்கை யாரோ எடுத்துட்டாங்க டீச்சரே. எடுத்தவங்க நல்லா இருக்கட்டும். மூடியில அடிச்சா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேக்குதாம்."

மறுநாள் நாக்கைத் திரும்ப மாட்டினேன். அன்றிலிருந்து அவர் இரண்டையும் அடித்தார்.

பிறகு கமிட்டிக்குப் போனேன். எங்கள் தலைவர் திவாகரன் மாஷ் எதையும் ஓட்டுக்கு விடுகிறவர். வீட்டில் மீன் வாங்குவதா கோழி வாங்குவதா என்பதற்கே கை தூக்கச் சொல்வார் என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். இடைவேளை பற்றிய என் தீர்மானத்துக்குக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் சத்யசீலன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். இயக்குநர் மலையாளியாக இருந்திருந்தால் எந்த இடத்தில் இடைவேளை விட்டிருப்பாரோ அந்த இடத்தில் விட வேண்டும். திருத்தம் கைத்தட்டலோடு நிறைவேறியது. அதைப் பௌலோஸிடம் போய்ச் சொல்வது யார் என்ற தீர்மானத்துக்கு மட்டும் முன்மொழிய ஆள் இல்லை.

நிறைவு நாளுக்கு விருந்தினராக வர ஒப்புக்கொண்டிருந்த கவிஞர் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. எங்கள் சொசைட்டியில் விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு, முன்வரிசை நடு நாற்காலியில் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும். பாதியில் எழுந்த ஒரு எம்.எல்.ஏ.வை அதற்கப்புறம் நாங்கள் கூப்பிட்டதே இல்லை.

"பௌலோஸைக் கூப்பிடலாமே மாஷே," என்றேன். "மாசம் முழுக்க நமக்காக அடுப்புல வேகற ஆள். ஒரு தொழிலாளி."

தொழிலாளி என்று சொன்னபிறகு எங்கள் கமிட்டியில் யாரும் எதிர்க்க முடியாது. சத்யசீலனின் கைதான் முதலில் உயர்ந்தது.

பௌலோஸ் நம்பவில்லை. "கிண்டலா டீச்சரே?"

"கமிட்டி முடிவு. மாலை, பொன்னாடை, முன்வரிசை."

"அப்ப அடுப்பை யார் பாக்கறது?"

"ஒரு நாள் மூடுங்க."

அவர் கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"போட்டோ உண்டா?"

"ஸ்டுடியோவுல இருந்து ஆள் வர்றார்."

"கலர்தானே?"

"கலர்தான்."

"சரி, மூடிடறேன்."

நிறைவு நாளன்று சரிகைக் கரை போட்ட கசவு வேட்டி கட்டி, தலையில் எண்ணெய் மினுங்க வந்தார். விளக்கேற்றினார். பேசச் சொன்னதும், "எல்லாரும் பசியோட வந்திருப்பீங்க, மன்னிக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முன்வரிசையில் அவர் மட்டும்தான். பல வரிசை தள்ளி, திரைக்கு நேராக நான் உட்கார்ந்தேன். விளக்குகள் அணைந்தன.

தங்கை மலையைத் தாண்டினாள். கதவைத் திறந்து உள்ளே வந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்தது. திரையில் மழை, கொட்டகைத் தகரத்தின் மேலும் மழை. எது எந்த மழை என்று பிரிக்க முடியவில்லை. வருடக்கணக்காக நான் காத்திருந்த மௌனம் அடுத்த வரிசை வரை வந்து நின்றது. மணி அடிக்கவில்லை. அண்ணன் தலையை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான்.

கொட்டகை மொத்தமும் எழுந்து நின்றது.

யாரும் சொல்லவில்லை, யாரும் முடிவு செய்யவுமில்லை. மாதம் முழுக்க அந்த நேரத்துக்கு எழுந்து பழகிய கால்கள் தாமாக எழுந்துவிட்டன. திரையின் அடியில் ஆங்கில எழுத்து ஓடியது. அதன் குறுக்கே தலைகள், தோள்கள், மடித்த குடைகள், வேட்டியை மடித்துக் கட்டும் கைகள். "உக்காருங்க," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்றவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பி, "நீங்க முன்னாடி போங்க டீச்சர்," என்று வழிவிட்டார். பாதிப் பேர் இருட்டிலேயே வெளியே போய்க் கேன்டீன் ஷட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். எல்லோரும் மறுபடி உட்கார்ந்தபோது அண்ணனும் தங்கையும் திராட்சை பறித்துக்கொண்டிருந்தார்கள்.

படம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியது. எப்போதும் முதலில் பேசுகிற சத்யசீலன் தொண்டையைச் செருமினார்.

"படத்தோட உயிரே அந்த ஒரு வசனம்தான். ஆனா... அவன் என்னப்பா சொன்னான்?"

ஒருவரும் படிக்கவில்லை. நின்றவர்களை நின்றவர்களே மறைத்திருந்தார்கள்.

"பௌலோஸே," என்றார் திவாகரன் மாஷ், "முன்னாடி உக்காந்திருந்தது நீ ஒருத்தன்தான். என்ன எழுதியிருந்தது?"

"இங்கிலீஷ்ல எழுதியிருந்தது மாஷே."

"நாசமாப் போச்சு," என்றார் மாஷ்.

"மன்னிச்சுடுன்னுதான் சொல்லியிருப்பான்," என்று அவரே தொடர்ந்தார். "மனுஷன் வேற என்ன சொல்வான்?"

"நீங்க மன்னிப்பைத் தாண்டி யோசிக்கறதே இல்ல," என்றார் சத்யசீலன். "இது நிலப் பிரச்சனை. பாதி உனக்குன்னு சொல்லியிருப்பான். அதனாலதான் அடுத்த காட்சியில தோட்டம்."

"எழுத்தெல்லாம் எதுக்கு?" என்று பௌலோஸ் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஒருத்தி மழையில அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கா. சாப்பிட்டியான்னு கேட்டான். அவன் மூஞ்சியில தெரிஞ்சுதே."

"விருந்தினருக்குத் திருத்தம் கொண்டுவர உரிமை கிடையாது," என்றார் சத்யசீலன்.

"அதையும் ஓட்டுக்கு விட்டுடலாம்," என்றார் மாஷ்.

விட்டார்கள். பௌலோஸுக்கு உரிமை கிடைத்தது. பிறகு மூன்றையும் ஓட்டுக்கு விட்டார்கள். மன்னிப்புக்குச் சில கைகள், பாதி நிலத்துக்குச் சத்யசீலனின் மாணவர்கள். சாப்பிட்டியா என்பதற்கு, மூடிய ஷட்டரைத் தட்டிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பியிருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஜார்ஜிய நாட்டு அண்ணன் தங்கையிடம் சாப்பிட்டியா என்று கேட்டதாக எங்கள் சொசைட்டி பெரும்பான்மையோடு தீர்மானித்தது. நான் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை.

கூட்டம் கலைந்தபின்னும் நான் நாற்காலியைவிட்டு எழவில்லை. மேலே சின்னச் சன்னலில் மொய்தூட்டியின் தலை தெரிந்தது.

"டீச்சரே, அந்த ரீலை இன்னும் பெட்டியில வைக்கலை. செகண்ட் ஷோவுக்கு நேரம் கிடக்கு. ஓட்டட்டுமா?"

ஏன் எனக்கு இது தோன்றவில்லை என்று தெரியவில்லை. தலையாட்டினேன். இருட்டில் அது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, வெளிச்சம் திரையில் விழுந்தது.

நான் மட்டும். தங்கை வந்தாள், உட்கார்ந்தாள். தண்ணீர் கொதித்தது, மழை பிடித்தது. இந்த முறை யாரும் எழவில்லை. அந்த மௌனத்தை நான் அடிவரை குடித்தேன். இரண்டு பேர் எதுவும் சொல்லாமல் இருப்பதை யாரும் குறுக்கிடாமல் பார்ப்பது இவ்வளவு சுகமா என்று இருந்தது. அண்ணன் தலையை நிமிர்த்தினான். எழுத்து வந்தது.

'கதவைச் சாத்து. சாரல் அடிக்குது.'

அப்போதுதான் கவனித்தேன். தங்கை உள்ளே வந்ததிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தே கிடந்திருக்கிறது. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். வெளிப்பக்கமாக அல்ல, உள்பக்கமாக. அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் திவாகரன் மாஷும் பௌலோஸும் மழை விடுவதற்காக நின்றிருந்தார்கள். பௌலோஸ் இன்னும் மாலையைக் கழற்றவில்லை.

"மறுபடி ஓட்டிப் பாத்தீங்களாமே," என்றார் மாஷ். "என்ன சொன்னான்?"

பௌலோஸ் மாலையிலிருந்து ஒரு செண்டுமல்லி இதழைக் கிள்ளி உருட்டிக்கொண்டிருந்தார்.

"கமிட்டி தீர்மானம் போட்டப்புறம் அவன் வேற என்ன மாஷே சொல்ல முடியும்?" என்றேன்.

"பாத்தீங்களா," என்றார் பௌலோஸ். "மூஞ்சியில எழுதியிருந்ததுன்னு சொன்னேன்."

மாஷ் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஆனால் அவர் தலைவர். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டவர். குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

பௌலோஸ் செகண்ட் ஷோவுக்கு அடுப்பு மூட்டக் கேன்டீன் ஷட்டரைத் தூக்கினார். காற்று திரும்பியதில் சாரல் மாவுச் சட்டிவரை உள்ளே அடித்தது. எனக்கு ஒரு வாக்கியம் நாக்குநுனி வரை வந்தது. சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து, முதல் ஈட்டுக்குக் காத்திருந்தேன்.