சுழல் நாற்காலியில் எடுத்த படம்

“இன்னும் ரவ தூக்கிப் புடி துர்கா. ஒரு பக்கமா சாஞ்சினு இருக்குது” என்றார் மின்கம்பத்தில் ஏணி சாத்தி நின்ற விருத்தாசலம் மாமா. துர்கா பேனரின் கீழ் முனையை இரண்டு கைகளாலும் உயர்த்தினாள். அப்பாவின் முகம் அவள் தலைக்கு மேல் நேராக வந்து நின்றது. கண்ணீர் அஞ்சலி, கண்ணையன், வயது ஐம்பத்தேழு.

கோலியனூரில் அந்தத் தெருவுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் பேனர் முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போனார்கள். விழுப்புரம் மண்டியில் முப்பது வருஷம் வேர்க்கடலை மூட்டை சுமந்த மனுஷன், வெள்ளைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக ஒரு முதலாளி போல இருந்தார். அப்படியே வாய்விட்டும் சொன்னார்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரன் பின்னால் இருந்ததை அழித்துவிட்டு நீல வானமும் இரண்டு புறாக்களும் வைத்திருந்தான்.

வேறு படம் இல்லை. ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் இருந்தது அவரா என்று அவருக்கே சந்தேகம். இது இரண்டு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்தில் எடுத்தது. துர்கா வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு மாடியில் ரஞ்சித் என்று ஒருவன் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு அரசாங்க விண்ணப்பங்கள் போட்டுக் கொடுத்தான். வட்டியில்லாமல் ஐம்பதாயிரம் கடன் வருகிறது, அப்பாவின் ஆதாரையும் பான் கார்டையும் எடுத்து வா என்றான். அவளும் ஒருநாள் லீவு போட்டு அப்பாவை பஸ்ஸில் கூட்டிப் போனாள். ரஞ்சித் தன் சட்டை ஒன்றைக் கொடுத்துப் போடச் சொல்லி, சுழல் நாற்காலியில் உட்கார வைத்துப் படம் எடுத்தான். போனில் வந்த ஓடிபி நம்பரை துர்காதான் வாசித்துக் காட்டினாள். கடன் வரவில்லை, கொஞ்ச நாளில் ரஞ்சித்தும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான். அப்பா அதற்காக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் படம் கிடைத்ததே போதும் என்றிருந்தார். நாற்காலியில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்ததை மண்டியில் ஒரு வாரம் சொல்லித் திரிந்தாராம்.

இப்போது அவர் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டியின் மோட்டார் சத்தம் வாசல்வரை கேட்டது.

இதயக் குழாயில் அடைப்பு, ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டை இருந்தால் காசில்லாமல் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று போன மாதம் டாக்டர் சொன்னார். துர்கா இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் ‘தகுதி இல்லை’ என்று திரும்பி வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அலுவலகத்தில் இருந்த ஆள் ரெண்டாயிரம் கொடுத்தால் பார்க்கிறேன் என்றான். அவள் ஐந்நூறுதான் கொடுத்தாள். நேற்று விடியற்காலையில் அப்பாவுக்கு மூச்சு நின்றதிலிருந்து அவளை அரித்துக்கொண்டிருந்தது அந்த மீதி ஆயிரத்தைந்நூறுதான். காசைப் பார்த்து அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தாள்.

பதினோரு மணிக்கு ‘அரசுப் பணி’ என்று எழுதிய ஜீப் ஒன்று தெருமுனையில் நின்றது. ஈமச்சடங்குப் பணம் கிடைக்கும், நல வாரியத்திலிருந்து விசாரிக்க ஆள் வருவார்கள் என்று சுமைதூக்குவோர் சங்கத்தில் காலையில் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் பேனருக்குக் கீழே நிழலில் போட்டார். இறங்கி வந்தவர்களிடம், பொண்டாட்டியும் இந்த ஒரே பொண்ணும்தான், வேறு வாரிசு யாரும் கிடையாது என்று கேட்காமலே சொல்லிவிட்டு, சோடா வாங்க ஓடினார்.

துர்கா தயாராக வைத்திருந்த பிளாஸ்டிக் பையை நீட்டினாள். ஆதார், பான் கார்டு, ரேஷன் அட்டை எல்லாம் அதில் இருந்தன. பெரியவராகத் தெரிந்த அதிகாரியின் சட்டையில் ஆதிநாராயணன் என்று அட்டை தொங்கியது. அவர் நம்பர்களைத் தன் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு பேனரை நிமிர்ந்து பார்த்தார்.

“எப்ப இறந்தாரு?”

“நேத்து சார்.”

“நாங்க வணிக வரியிலேர்ந்து வர்றோம்மா. திண்டிவனத்துல இவர் பேர்ல ஒரு இரும்புக் கம்பெனி ஓடுது. வருஷத்துக்குப் பதினாலு கோடி வியாபாரம்.”

அவள் சிரித்துவிட்டாள். சாவு வீட்டில் சிரித்தோமே என்று உடனே கூசிப்போனாள். ஆள் மாறி வந்துவிட்டீர்கள், அப்பா மூட்டை தூக்குகிறவர் என்றாள்.

ஆதிநாராயணன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து அவளிடம் காட்டினார். அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. வானமும் புறாவும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போர்டு இருந்தது. ஸ்ரீ கண்ணையன் ஸ்டீல் டிரேடர்ஸ், உரிமையாளர் கண்ணையன். அன்றைக்கு அந்தப் போர்டு இருந்ததா? இருந்திருக்கும். அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரக்கே கிடையாது, வெறும் பில்லுதான். கட்டாத வரியக் கட்டினதா காட்டி ரெண்டரைக் கோடி சுருட்டிட்டாங்க. பதிவு பண்ணவும் நேர்ல பாத்ததா எழுதவும் ஆபீஸ்லயே ஒருத்தன் காசு வாங்கியிருக்கான். அரசாங்கம் கடன் வாங்கித்தாம்மா ஆஸ்பத்திரியே நடத்துது. ஊருக்கு ஒருத்தர் இப்படிக் கிளம்பினா நாடு கடன்ல முழுகாம என்னா பண்ணும்?”

சொல்லிக்கொண்டே வந்தவர் வீட்டின் தகரக் கூரையைப் பார்த்தார். வாசலில் கிடந்த அப்பாவின் தோல் செருப்பையும், ஆணியில் தொங்கிய மூட்டைக் கொக்கியையும் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் இறங்கிவிட்டது.

துர்கா கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்.

“அட்டைக்குப் போட்டா தகுதி இல்லன்னு வந்துச்சு சார். அது இதனாலதானா?”

அவர் கோப்பை மூடினார். “கம்ப்யூட்டர்ல இவரு பதினாலு கோடிக்காரரும்மா” என்றார்.

ரெண்டாயிரம் கொடுத்திருந்தாலும் வந்திருக்காது. ஒரு நாள் முழுக்க அவளை அரித்தது அந்த நொடியில் ஒன்றுமில்லாமல் போய், அதைவிடப் பெரியது வந்து உட்கார்ந்தது. அப்பாவைத் திண்டிவனத்துக்கு யார் அழைத்துப் போனது என்று அவர் கேட்டார். “நான்தான்” என்றாள். கூட வந்தவர் அதை எழுதிக்கொண்டார். காரியமெல்லாம் முடிந்தபின் விழுப்புரம் அலுவலகத்துக்கு வந்து நடந்ததை அப்படியே எழுதிக்கொடுங்கள் என்று ஆதிநாராயணன் சொல்லிவிட்டு எழுந்தார். அறிக்கையில் வைக்க வேண்டும் என்று பேனரைப் போனில் படம் எடுத்தார்.

அப்போதுதான் சோடா பாட்டில்களோடு மாமா திரும்பி வந்தார். “வெளிச்சத்துல நின்னு எடுங்க சார். நல்லா விழும்” என்றார்.

துர்கா உள்ளே போனாள். அம்மா தனம் பெட்டியில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“எவ்ளோ குடுப்பாங்களாம்?”

துர்கா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போட்டோ எடுத்துக்கினு போனாங்களா?”

“ம்.”

“அன்னிக்கு நீ இட்டுக்கினு போனதாலதான் அந்தப் போட்டோவாவது நம்மகிட்ட இருக்குது. இல்லன்னா அவரு மூஞ்சியே நமக்கு இல்லாம பூடும்டி.”

வெளியே பறை முழங்கியது. பெட்டியைத் திறந்தார்கள். வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் மகளைக் கூப்பிட்டார்கள். துர்கா முறத்திலிருந்து அரிசியை அள்ளி அப்பாவின் வாயருகே கையைக் கொண்டுபோனாள். கை விரியவில்லை. பின்னால் யாரோ நேரமாகிறது என்றார்கள். மாமா குனிந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.