பதினான்கு படிகள்

கம்ப்யூட்டர் மாஸ்டர் பதினோரு வருடமாக மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார். மொத்தம் பதினான்கே படிகள்தான். பதினான்காவதிலிருந்து காலைத் தூக்கி மாடியில் வைத்தால் அது முதல் படியாக இருக்கிறது. இறங்கியும் பார்த்தார், முதல் படிக்குக் கீழே பதினான்காவது படிதான் வந்தது. தெருக்காரர்கள் முதல் வாரம் கூட்டமாக வந்து பார்த்தார்கள். இரண்டாம் வாரம் அவரவர் வேலை அவரவருக்கு.

காரணம் எல்லோருக்கும் தெரியும். மாடியில் அவர் கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்தினார். கீழ்வீட்டில் அவருடைய அண்ணன் குடும்பம். அண்ணன் மகளுக்குப் பதினைந்து வயதில் புரோகிராம் எழுதும் பைத்தியம் பிடித்தது. பள்ளி விட்டதும் பையை வீசிவிட்டு, மூலையில் யாரும் தொடாத பழைய மிஷினுக்கு ஓடுவாள். வீட்டில் அவள் பேச்சுக்கு யாரும் காது கொடுப்பதில்லை. மிஷினோ சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஒரு புள்ளி விட்டுப்போனால் மட்டும் அசையாது, கெஞ்சினாலும் நடக்காது. அந்தக் கறார்தான் அவளுக்குப் பிடித்தது. முதலில் திரையில் ஒரு பந்தைக் குதிக்க வைத்தாள். அது ஓரத்தில் மோதித் திரும்பியபோது நாற்காலியை விட்டு எழுந்து தானும் குதித்தாள். ஒன்பது மாதத்தில் ஒரு விளையாட்டு எழுதி முடித்தாள்: ஒரு குட்டி மனிதன் பதினான்கு படி ஏற வேண்டும், மேலிருந்து பெட்டிகள் உருண்டு வரும். தெருப் பிள்ளைகள் அதற்காக வரிசையில் நின்றார்கள்.

மாஸ்டர் அதைத் தன் பெயரில் போட்டிக்கு அனுப்பினார். முதல் பரிசு கிடைத்தது. கோப்பையோடு அவர் சிரிக்கும் படம் மாடிச் சுவரில் ஏறியது. அவள் போய்க் கேட்டாள்.

"நம்ம குடும்பத்துல யார் பேரு இருந்தா என்ன, கண்ணு?" என்று கன்னத்தைத் தட்டினார்.

அவள் அழவில்லை. மிஷின் முன்னால் உட்கார்ந்து, குட்டி மனிதனுக்கு மாஸ்டரின் பெயரை வைத்து, இரண்டு வரி சேர்த்தாள். பதினான்கு முடிந்தால் மறுபடி ஒன்று. எழுதியது யார் என்ற உண்மையைச் சொன்னால் நிறுத்து. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாஸ்டர் மையத்தைத் திறக்க வந்தார்.

நிபந்தனையை அவளே அவரிடம் சொல்லிவிட்டாள். "நாங்க ரெண்டு பேரும் எழுதினோம்" என்றார். முதல் படி. "நான் சொல்லச் சொல்ல அவ டைப் அடிச்சா." முதல் படி. மாஸ்டரின் மனைவி மூன்று வேளையும் ஏழாம் படியில் சாப்பாட்டுத் தட்டை வைத்தாள். தபால்காரர் கடிதங்களை அங்கேயே கொடுத்தார். ஆறாம் வருடம் தேய்ந்துபோன படிகளைப் பூச வந்த கொத்தனார், ஈரம் காய்வதற்குள் மிதித்துவிட்டார் என்று மாஸ்டரைத் திட்டினார்.

"போதும்டி, பாவம், விட்டுடு" என்றாள் அம்மா.

"நானா பிடிச்சு வெச்சிருக்கேன்? ஒரே வார்த்தைம்மா. அது அவர் வாயிலதான் இருக்கு."

அவளுக்கு இரக்கம் வரவில்லை என்பதை இங்கே எழுதித்தான் ஆகவேண்டும். அந்தக் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

போன வருடம் ஒரு மத்தியானம், மாஸ்டர் பதின்மூன்றாம் படியில் நின்று, "அவதான் எழுதினா" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். பதினான்காம் படி வந்தது. வலது கால் மாடித் தரையைத் தொட்டது. "ஆனா மிஷின் என்னுது" என்றார். இடது கால் முதல் படியில் இருந்தது.

இப்போது மையத்தை அவள்தான் நடத்துகிறாள். படிக்க வரும் பிள்ளைகள் "வணக்கம் மாஸ்டர்" என்று ஒதுங்கி ஏறிப்போகிறார்கள். கோப்பைப் படத்தை அவள் எடுத்துப் போடவில்லை. பதின்மூன்றாம் படியிலிருந்து நன்றாகத் தெரியும் இடத்தில் மாற்றி மாட்டி, தினமும் காலையில் துடைத்து வைக்கிறாள்.