களத்தின் குறுக்கே ஒரு பள்ளம்

நாற்பத்தேழு மணி நேரமாகச் சர்வர் வருவதும் போவதுமாக இருந்தது. முதல் தடவை அது போனது திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. இப்போது புதன்கிழமை ஒன்பது மணி. எழில்மொழி வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பியபோது, நெல் களத்தின் குறுக்கே முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் பாதித் தூரம் வந்திருந்தது. பள்ளத்துக்குள் நின்று லூர்துராஜ் கடப்பாரையால் மண்ணைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்துக்கே எலக்ட்ரீசியன் அவர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர். விடிந்ததிலிருந்து தோண்டுகிறாராம், சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

அவளைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தார்.

"இந்தத் தடவ ரெண்டடிக்குக் கீழ போட்டு, குழாய்க்குள்ள விட்டுடறேன் தங்கச்சி. ஆனையே ஏறுனாலும் கேபிளுக்கு ஒண்ணும் ஆவாது."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேபிளில் ஒரு குறையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் நானூறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. நெல் வாங்கி விற்பதோடு, பதினொரு அறுப்பு மிஷின்களை முறை வைத்து வயலுக்கு அனுப்புவதும் அதன் வேலை. எந்த மிஷின் எந்த வயலுக்கு, யாருக்கு அடுத்து யார் என்ற கணக்கெல்லாம் களத்தின் பின்பக்க அறையில் இருக்கும் லினக்ஸ் சர்வரில் இருந்தது. டிரைவர்கள் செல்போனில் பார்த்து அடுத்த வயலுக்குப் போவார்கள். சர்வர் எட்டவில்லை என்றால் மிஷின் வரப்போரம் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை மழை என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் போகத் தாளடிக் கதிர் முற்றித் தலை தொங்கி நின்றது. ஒரு மழைக்குப் படுத்துவிடும்.

எழில்மொழி இயற்பியல் படித்தவள். லினக்ஸைத் தானாகவே கற்றுக்கொண்டாள். கம்பெனியில் கம்ப்யூட்டர் என்று எது இருந்தாலும் அது அவள் பொறுப்பு. தலைவர் ரெத்தினத்தின் வயலில்தான் அவளுடைய அம்மா பல வருஷம் நடவுக்குப் போனாள். அதே ரெத்தினம் இப்போது கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "எழிலு சொன்னா மறுபேச்சு கெடையாது" என்பார். அவளுக்குக் காது சூடாகும். தரையைப் பார்த்துக்கொள்வாள். ஆனாலும் அந்த வார்த்தை அவளுக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கூடவே வரும்.

திங்கட்கிழமை போன் மேல் போன் வந்ததும் அவள் பின்னறைக்கு ஓடினாள். சர்வர் விழுந்திருக்கும் என்றுதான் நினைத்தாள். அதன் விசைப்பலகையிலேயே உட்கார்ந்து கேட்டால், நூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒரு நொடிகூடக் கண் மூடவில்லை என்று அது பதில் சொன்னது. நினைவகத்தில் இடம் இருந்தது, ஹார்ட் டிஸ்கிலும் இருந்தது. நடப்பதையெல்லாம் அது எழுதி வைக்கும் லாகில் ஒரு பிழை வரிகூட இல்லை. உள்ளே எல்லாம் நலம். வெளியிலிருந்து பார்த்தால் ஆளையே காணோம். பத்து நிமிஷத்தில் தானாகத் திரும்பி வந்தது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போனது.

என்னவாக இருக்கும் என்று ரெத்தினம் கேட்டார். கேபிளாக இருக்கலாம் என்று அவள் சொன்னாள். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் வாயில் வரவில்லை. அவள் சொன்ன 'இருக்கலாம்' களத்தைத் தாண்டி வாசலுக்குப் போவதற்குள் 'தான்' ஆகிவிட்டது.

மிஷின்களை மேய்க்கும் மீரா உசேன் முத்துப்பேட்டைக்காரர். சாயங்காலத்துக்குள் அவர் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். நெல் ஏற்றிய டிராக்டர் களத்துக்குள் நுழையும்போதெல்லாம் சர்வர் போகிறது; அது வெளியே போனால் வருகிறது.

"டிராக்டரு மாமியா மாதிரி போல மேடம். அது வாசப்படி ஏறுனதும் இது கோவிச்சுக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிடுது."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. முன்பக்க அறையில் இருக்கும் ரவுட்டரிலிருந்து பின்னறை சர்வருக்குப் போகும் கேபிள் களத்து மண்ணுக்கு அடியில்தான் போகிறது. அதற்கு மேல்தான் டிராக்டர் ஏறுகிறது. போட்டவர் லூர்துராஜ். அவர் செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு முனைகளிலும் செருகியை மாற்றிப் பூட்டினார். சோதிக்கும் கருவியைச் செருகி, கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கும் எரிகிறது பாருங்கள் என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். ரெத்தினம் அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா கெடக்குறப்ப எரியும் லூர்து. டிராக்டர் ஏறுறப்ப எரியுதா?"

லூர்துராஜ் கருவியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். தோண்டி ஆழமாகப் புதுக் கேபிள் போடுவது என்று முடிவானது.

செவ்வாய் மாலை நாலு மணிக்கு எழில்மொழி முன்னறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். ஒரு திரையில் சர்வரை நொடிக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்படி விட்டாள். இன்னொன்றில், எந்த முகவரி எந்த இயந்திரத்தினுடையது என்று ரவுட்டர் எழுதி வைத்திருக்கும் பட்டியலைத் திறந்தாள். டிராக்டர் சத்தம் கேட்டது. பதில்கள் நின்றன. பட்டியலில் சர்வரின் முகவரி அப்படியே இருந்தது. அதற்கு நேரே இருந்த இயந்திர எண் மட்டும் மாறியிருந்தது. அந்த எண்ணை அவள் முன்பு பார்த்திருக்கிறாள், ஒரு புது அட்டைப்பெட்டியின் ஓரத்தில்.

வாசல் ஷெட்டில் நெல்லின் ஈரம் பார்க்கத் திங்கட்கிழமை காலை அவளே ஒரு புதுக் கம்ப்யூட்டர் வைத்தாள். சீக்கிரம் முடிய வேண்டும் என்று சர்வரின் நெட்வொர்க் கோப்பை அப்படியே அதில் நகல் எடுத்துப் போட்டாள். ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றவில்லை. நாற்பது தடவை செய்த வேலை என்று திரும்பிக்கூடப் படிக்கவில்லை. ஒரே முறைச் சீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்த மாதிரி, சர்வரின் முகவரியோடு களத்தில் இரண்டு இயந்திரங்கள். எடை போடும் நடராசன் ஆள் எழுந்தால் மின்விசிறியை அணைக்கிறவர். டிராக்டர் வந்தால்தான் அந்தக் கம்ப்யூட்டரைப் போடுவார். ஈரம் பார்த்ததும் அணைத்துவிடுவார். டிராக்டருக்கும் சர்வருக்கும் நடுவே இருந்த பகை அவ்வளவுதான்.

வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். லூர்துராஜ் அப்போது வாசலில்தான் இருந்தார், ரெத்தினத்திடம் கடப்பாரை கேட்டுக்கொண்டு. எழில்மொழி மடிக்கணினியை மூடினாள். நடராசன் ஷெட்டைப் பூட்டிச் சாவியோடு கிளம்பும்வரை அறைக்குள்ளேயே இருந்தாள். காலையில் முதல் வேலையாகச் சத்தமில்லாமல் சரி செய்துவிடலாம், அதற்குள் யார் தோண்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். ஈர மீட்டரில் ஒரு செட்டிங் பார்க்க வேண்டும் என்று நடராசனிடம் பொய் சொன்னாள். இதுக்கும் காய்ச்சலா என்று கேட்டுக்கொண்டே அவர் நாற்காலியைக் கொடுத்தார். முகவரியின் கடைசியில் இருந்த பத்தை முப்பத்தைந்து ஆக்கினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஷெட் ஜன்னல் வழியே கடப்பாரைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அவள் சொல்லவில்லை.

பதினொரு மணிக்குப் புதுக் கேபிள் குழாய்க்குள் போய், பள்ளமும் மூடியாயிற்று. பதினொன்றரைக்கு ஒரு டிராக்டர் வந்தது. அதை நிறை சுமையோடு புது மண் மேல் மூன்று தரம் முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார் ரெத்தினம். மீரா உசேன் செல்போனைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. ஷெட்டில் நடராசன் ஈரம் பார்த்தார். சர்வர் அசையவில்லை.

மீரா உசேன் டிரைவர்களுக்கு வரிசையாகப் போன் போட ஆரம்பித்தார். யாரோ டீ சொல்லி அனுப்பினார்கள். ரெத்தினத்தின் முகம் தெளிந்துவிட்டது; தெளிந்ததும் கோபம் வந்தது. ரெண்டு நாள் மிஷின் நின்றதை, வந்து போன விவசாயிகளின் ஏச்சை எல்லாம் எண்ணிச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை.

"ஒரு அடி கூட ஆழமா போட்டிருந்தா இது வந்திருக்குமா லூர்து? புள்ள மொத நாளே கேபிளுதான்னு சொல்லுச்சு. இனிமே நம்ம வேலைக்குத் திருவாரூர்லேந்து ஆள் கூப்புட்டுக்குறோம். தப்பா நெனைக்காத."

இருபத்தாறு வருஷமாக அந்தச் சுற்றுவட்டாரத்து மோட்டார் கொட்டகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மாதா கோயிலுக்கும் லைன் இழுத்தவர் லூர்துராஜ். எதிர்த்துப் பேசுவார் என்று எழில்மொழி நினைத்தாள். எட்டு விளக்கும் எரிந்ததைச் சொல்வார் என்று நினைத்தாள், சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவர் அந்தச் சோதிக்கும் கருவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமாங்க. என் தப்புதான். அந்த ஆழமே போதும்னு நெனச்சுட்டேன்."

அவர் அதை நம்பினார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

"ஐயா," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மீரா உசேன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"கேபிள்ல ஒண்ணும் இல்லீங்க ஐயா. ஆழத்துலயும் இல்ல. ஈரம் பாக்குற கம்ப்யூட்டருக்குச் சர்வரோட நம்பரையே குடுத்துட்டேன். அதப் போடுறப்பல்லாம் சர்வர் போச்சு. காலைல மாத்துனேன். அதனாலதான் இப்ப நிக்குது."

ஷெட்டைப் பார்த்தார்கள். மூடிய பள்ளத்தைப் பார்த்தார்கள். ரெத்தினம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருக்கு அவளைத் திட்டத் தெரியவில்லை.

"சரி, போவுது. காலைல வந்து பாத்தப்பதான தெரிஞ்சுது? அதுக்குள்ள இவன் தோண்டிட்டான். நீ என்ன பண்ணுவ?"

லூர்துராஜும் தலையாட்டினார். அவர் முகம் லேசாகிவிட்டிருந்தது. "அதான பாத்தேன், எட்டு வெளக்கும் எரிஞ்சுதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"வேலைன்னா கை தப்பத்தான் செய்யும் தங்கச்சி. தெரியாம நடந்ததுதான?"

டீ வந்தது. அவர் ஒரு தம்ளரை எடுத்து அவளிடம் நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளங்கள், ஒன்று உடைந்திருந்தது. தம்ளரை வாங்கிக்கொண்டால் எல்லாம் முடிந்துவிடும். அவள் வாங்கவில்லை.

"இல்லண்ணே," என்றாள். "நேத்து நாலு மணிக்கே எனக்குத் தெரியும்."