கணுக்காயிலிருந்து இறங்கிய நூல்

எங்கள் காப்புக்காட்டில் நாட்டுக்கொடியும் வெளிநாட்டிலிருந்து வந்த வெளிக்கொடியும் சட்டென்று பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வெளிக்கொடி தான் ஏறிய மரத்தை மூடிக் கொன்றுவிடும். அதை அடியில் அறுத்து, மறுபடி துளிர்க்காதபடி வெட்டுவாயில் மருந்து பூச வேண்டும். கொடியை இனம் கண்டு சொல்வது அண்ணியின் உத்தியோகம். அவர் சொல்லித்தந்த அடையாளப்படி, அறுக்க வேண்டிய தண்டில் சிவப்பு நாடா கட்டுவது என்னுடையது.

அன்று காலை ஓடைக்கரைப் பெரிய மரத்தடியில் ரம்பக்காரர் குந்தி உட்கார்ந்து, நாடா கட்டிய தண்டில் ரம்பத்தை வைத்துவிட்டார்.

"அண்ணே, நிறுத்துங்க!" என்றார் அண்ணி.

அந்த மரத்தில் இரண்டு கொடிகளும் சடை போலப் பின்னிக் கிடந்தன. காட்டில் காய்க்கிற நாட்டுக்கொடியென்று மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். தப்பாக அறுத்தால் விதைக்குக்கூட வழியில்லை.

"எதைப் பார்த்து நாடா கட்டினீங்க, கொழுந்தனாரே?"

"இலையைத்தான் அண்ணி. இடுப்பு உயரத்துல வெளிக்கொடியோட வட்ட இலை இருந்துச்சு. அதுக்கு நேர் கீழே கட்டினேன்."

"நேர் கீழேயா? கொடி என்ன தூக்குக்குண்டு போட்டுப் பார்த்தா வளருது?"

ரம்பக்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

அண்ணி ஏணியில் ஏறினார். நாட்டுக்கொடி கிளை நுனியில் மட்டும் கொத்தாகக் காய்க்கும். வெளிக்கொடி இலைக்கணுதோறும் இரண்டு மூன்றாகக் காய்க்கும். கணுவில் காய்த்த ஒரு கிளையில் நூலைக் கட்டி, அந்தத் தண்டிலேயே சுற்றிக்கொண்டு இறங்கினார். பின்னல் இறுகிய இடங்களில் விரலை நுழைத்து, எது எதற்கு அடியில் போகிறதென்று தடவிப் பார்த்தார். சந்தேகம் வந்தால் மறுபடி நாலு படி மேலே. ஒரு மணி நேரம் இப்படியே. முகத்தில் எறும்பு ஊர்ந்ததைக்கூடத் தட்டிவிடவில்லை. எனக்கு அந்தப் பொறுமை ஏழு பிறவிக்கும் வராது.

நூல் தரையைத் தொட்டது, நாடா இல்லாத தண்டில். முழங்கால் உயரத்தில் இரண்டும் இடம் மாறியிருந்தன.

"இன்னொரு தடவை பார்த்துடலாமா அண்ணி?" என்றேன் பயத்தில்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "பார்த்துட்டாப் போச்சு" என்று மறுபடி ஏறி, நுனிக்கொத்திலிருந்து இன்னொரு நூலை இறக்கினார். அது என் நாடாவில் வந்து நின்றது.

"இப்ப நாடா இல்லாத தண்டை அறுங்கண்ணே. பாவம், கொழுந்தனார் வெளுத்துப்போயிட்டாரு."

நாலாம் நாள் போய்ப் பார்த்தோம். மேலே கணுக்காய்க் கிளைகள் துவண்டு தொங்கின. நுனிக்கொத்துகள் நிமிர்ந்து நின்றன. அவற்றில் இரண்டு பழுக்கத் தொடங்கியிருந்தன.

"விதைக்கு ஆச்சு" என்றார் அண்ணி.