பஸ்சு வீட்டில் ஆறு நாள்

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் என் வீட்டுக்காரர் பெயரை நான் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. முதல் எலெக்‌ஷனுக்கு வோட்டர் லிஸ்ட் எழுத வந்தவர் எங்கள் ராசிங்காபுரத்து வீட்டு வாசலில் நின்று, "புருஷன் பேர் என்னம்மா?" என்று மூன்று முறை கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன், மாட்டைப் பார்த்தேன். கடைசியில் என் இடுப்பில் இருந்த மகள் பொன்னுமணிதான் சொன்னாள். பெண்டாட்டி பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று எங்கள் பக்கத்தில் பயம். எனக்கு மற்ற விஷயத்திலெல்லாம் வாய் நீளம்தான். இதில் மட்டும் வாயைக் கட்டியிருந்தேன்.

ஐம்பத்தாறாம் வருஷம் சித்திரை வெயிலில் அவருக்கு ஓர் ஆசை பிறந்தது. போடி ஏலக்காய் வியாபாரிகள் கோடை லீவுக்குக் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார்கள் என்று டீக்கடையில் கேட்டுவிட்டு வந்தார். "அவங்கதேன் மலை ஏறணுமா? நாமளும் போவோம். பத்து நாள்" என்றார். கொடைக்கானலுக்கு நாங்கள் எங்கே போக? குரங்கணிக்கு மேலே என் அண்ணன் சீனிச்சாமி நாலு ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்குப் பிடித்திருந்தான். காய் எடுக்கும் காலத்தில் தங்குவதற்காக, யுத்த காலத்தில் கரி எரித்து ஓடி, போடியில் உடைசலுக்குப் போட்ட பழைய பஸ்சு ஒன்றை வாங்கி, இன்ஜினையும் சீட்டையும் கழற்றிவிட்டு, நாலு ஜோடி மாடு பூட்டி, சங்கிலி போட்டு மேலே இழுத்துப் போய் வைத்திருந்தான். சரிவை வெட்டிச் சமன் செய்த துண்டு நிலத்தில் அது நின்றது. டயர் கிடையாது, வெறும் இரும்புச் சக்கரம். சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்திருந்தார்கள். கீழே ஓடை. அதற்குப் பஸ்சு வீடு என்று பேர்.

அங்கே கிளம்புகிற அன்று டீக்கடையில் அவருடைய கூட்டாளி திருப்பதி, "மலையில போயி கொரங்குக்கு உழுது காட்டப் போறியா மாப்ளே? மூணாம் நாள் பொண்டாட்டி பின்னாலயே எறங்கி வந்துருவ" என்று கேலி செய்திருக்கிறார். இவர் சும்மா இருந்திருக்கலாம். "பத்து நாளுக்கு ஒரு நாள் கொறைஞ்சா என் மீசைய எடுத்துர்றேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்தார். மீசை என்றால் அப்படி ஒன்றும் பெரிய மீசையும் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. கோடை மழைதானே, ஒரு பாட்டம் அடித்துவிட்டுப் போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. மறுநாளும் பெய்தது. கூரைத் தகரத்தில் இருந்த ஆணி ஓட்டையெல்லாம் ஒழுகியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பாத்திரம் வைத்ததில் சமைக்கப் பாத்திரம் இல்லை. விறகு எரியாமல் புகைந்தது. உப்பு ஜாடிக்குள்ளேயே தண்ணீராகிவிட்டது. துவைத்த துணி காயாமல் நாறியது. வெளியே கால் வைத்தால் அட்டை ஏறியது. பொன்னுமணி மட்டும் சந்தோஷமாக இருந்தாள். கண்டக்டரின் மணிக் கயிறு அந்தப் பஸ்சில் அறாமல் தொங்கியது. அதை இழுத்து இழுத்து, "போடி, தேனி, உசிலம்பட்டி, ஏறு ஏறு, ரைட்!" என்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள்.

"எறங்கிருவமா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கா? திருப்பதி சொன்ன அதே மூணாம் நாளா? மழையப் பழிக்காத. இதே மழை நம்ம காட்டுல பேஞ்சா கும்புடுவ" என்றார்.

நாலாம் நாள் மேட்டிலிருந்து வந்த தண்ணீர் பஸ்சுக்கு அடியில் புகுந்து ஓடியது. தரைப்பலகை இடுக்கெல்லாம் ஈரம் ஊறியது. அவருக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். வரப்பு வைப்பதில் ராசிங்காபுரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் ஊரில் நல்ல மழை என்பது வருஷத்தில் நாலைந்து நாள்தான். ஓடுகிற தண்ணீரைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது, மறித்து நிறுத்திவிட வேண்டும். பஸ்சுக்கு மேற்புறம் பத்தடி தள்ளி, வளைத்து, இடுப்பு உயரத்துக்கு வரப்பு எழுப்பி, மிதித்து, மம்பட்டியின் முதுகால் தட்டி வழித்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலமே தரை காய்ந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் சின்னக் குளம் மாதிரி தண்ணீர் நின்றது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் மருதாயி விறகு கொண்டுவந்தாள். என் அண்ணன் தோட்டத்தில் களை எடுக்கிறவள். ஒரு கூப்பிடு தூரத்தில், பாறை மேல் கட்டிய, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் குடியிருப்பவள். குளத்தைப் பார்த்ததும் விறகை அப்படியே கீழே போட்டாள்.

"இது ஆருய்யா கட்டுனது?"

"நாந்தேன். எப்பிடி இருக்கு?" என்றார் இவர்.

"வெட்டி விட்ருங்கய்யா. மலையில தண்ணிய ஓட விடணும், நிப்பாட்டக் கூடாது. நின்னா மண்ணு குடிச்சுக்கிட்டே இருக்கும். குடிச்ச மண்ணு நிக்காது, நடக்க ஆரம்பிச்சிரும்."

"மண்ணு நடக்குமா?" அவர் சிரித்தார். "ஆத்தா, நான் இருவது வருசமா மம்பட்டி பிடிக்கிறவன்."

"வயக்காட்டுல அடியிலயும் மண்ணுதேன். இங்ஙன ரெண்டு முழத்துக்குக் கீழ பாறைய்யா. தண்ணி எங்க போகும்?"

"வெட்டி விட்டா பஸ்சுக்குள்ளதேன் போகும். ஒன் சோலியப் பாரு."

மருதாயி என்னிடம் வந்து குரலைத் தணித்து, "தாயி, பிள்ளைய மட்டுமாச்சும் ஸ்டோருக்குக் கொண்டாங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். ஆனால் போகவில்லை. புருஷன் பேச்சுக்கும் வேலைக்காரி பேச்சுக்கும் நடுவில் நின்று ஒரு நாளை வீணாக்கினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஆறாம் நாள் காலையில் அரிவாள்மணையில் உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கீழே வைத்த காய் ஒன்று தானாக உருண்டு, ஓடைப் பக்கத்துச் சுவரில் முட்டி நின்றது. எடுத்து வைத்தேன். திரும்பவும் உருண்டது. குடத்தை எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஒரு பக்கம் கழுத்தைத் தொட்டுக்கொண்டும் மறு பக்கம் இரண்டு விரல் இறங்கியும் நின்றது.

"இங்க வந்து பாருங்க, வண்டி சாயுது."

அவர் குடத்தைப் பார்த்தார். முகம் ஒரு நொடி மாறத்தான் செய்தது. "சக்கரம் கொஞ்சம் பதிஞ்சிருக்கும். கல்லு அண்டை குடுத்தா சரியாயிரும்" என்றார்.

"வெரசா கெளம்புங்க. ஸ்டோருக்குப் போயிருவோம்."

"இன்னும் நாலே நாளுடி. மருதாயி சொன்னான்னு நான் குடும்பத்தத் தூக்கிக்கிட்டு ஓடணுமா? ஊருல என்ன சொல்வாங்க?"

"ஒங்களுக்கு மீசை பெருசா, பிள்ளை பெருசா?"

"போறதுன்னா போ. நான் வரல" என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளினார். கதவு திறக்கவில்லை. நேற்றுவரை விரலால் தள்ளத் திறந்த கதவு. தோளைக் கொடுத்து இரண்டு முட்டு முட்டித்தான் திறந்தார். அதற்குப் பிறகும் கல் பொறுக்கத்தான் போனார்.

நான் பொன்னுமணி தலையில் சாக்கைப் போர்த்தி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். வரப்பைச் சுற்றி மேலே ஏறும்போது தரையில் ஒரு கீறல் கண்ணில் பட்டது. குளத்துக்கும் மேலே, சரிவுக்குக் குறுக்காக, கயிறு போட்டுக் கோடு இழுத்த மாதிரி ஓடியது. கட்டைவிரல் நுழையும் அகலம். ஸ்டோரில் பிள்ளையை அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, "எந்திரிச்சு வந்தா காலை ஒடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, மருதாயியைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்தேன். திரும்பி வந்தபோது அந்தக் கீறலில் என் கால் பாதம் முழுசாக நுழையும்.

மருதாயி என்னைக் கீறலுக்கு மேலே இருந்த பாறைக்கு இழுத்துக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் பஸ்சும் குளமும் எல்லாம் தெரியும். அவர் பஸ்சுக்குக் கீழே, ஓடைப் பக்கத்துச் சக்கரத்துக்கு அண்டையில் குனிந்து உட்கார்ந்து கல்லைச் செருகிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

"வரப்ப வெட்டிருவோமா?" என்றேன்.

"வேணாம் தாயி. இப்ப வெட்டுனா அம்புட்டுத் தண்ணியும் அய்யா மேலதேன் போகும். மொதல்ல ஆளக் கூப்புடுங்க. கீழ எறங்கிறாதீக, மண்ணு தாங்காது."

"ஏங்க!" என்று கத்தினேன். மழை இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. இன்னும் பலமாக, "இந்தாங்க! பொன்னுமணி அப்பா!" என்று கத்தினேன். அவர் காதில் விழுந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஈயை விரட்டுவது மாதிரி கையை வீசிவிட்டு மறுபடியும் கல்லை எடுத்தார். சாப்பாட்டுக்கு, சண்டைக்கு, மாடு அவிழ்த்துக்கொண்டதற்கு என்று பத்து வருஷமாக நான் கூப்பிட்ட அதே கூப்பாடு. எத்தனை தடவை கூப்பிட்டாலும் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுத்தான் வருவார்.

அப்போது பஸ்சு மணி அடித்தது. ஒரே ஒரு அடி. உள்ளே யாரும் இல்லை.

மருதாயி என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகியது. நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஆயுசு குறையும், ஆயுசு குறையும் என்று மனசு அடித்துக்கொண்டது. இனிக் குறைய அவருக்கு என்ன ஆயுசு இருக்கிறது என்று இன்னொரு பக்கம் கோபம் பொங்கியது. அந்தக் கோபம்தான் கத்தியது.

"டேய் ஜக்கையா! ஏறி வாடா மேல! ஏய் ஜக்கையா!"

கல் அவர் கையிலிருந்து விழுந்தது. பஸ்சுக்கு அடியிலிருந்து அவர் வெளியே வந்த வேகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. முகமெல்லாம் செம்மண், கண் மட்டும் ரத்தமாகத் தெரிந்தது. "எவடி அவ! ஆரப் பாத்துடி டேய்ங்கிற!" என்று கத்திக்கொண்டே வழுக்கி விழுந்து, எழுந்து, புல்லைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் நிறுத்தவில்லை. "வாடா ஜக்கையா! வந்து அடிடா!" என்றேன். வரப்பைத் தாண்டினார். கீறலைத் தாண்டினார். பாறை மேல் கால் வைத்தார். கையை ஓங்கினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. குளம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்து நிதானமாக எடுத்த மாதிரி பஸ்சு மெதுவாக நகர்ந்தது. நின்ற மண்ணோடு, ஏலச் செடியோடு, அவர் செருகிய கற்களோடு நகர்ந்து, விளிம்பில் ஒரு தரம் நின்று, பிறகு கவிழ்ந்தது. ஓடையில் தகரம் நொறுங்கும் சத்தம் கேட்டது. மணியும் நின்றுவிட்டது. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வெறும் பாறைதான் இருந்தது. அதன் மேல் தண்ணீர் வழிந்தோடியது.

அவர் திரும்பிப் பார்த்தபடியே நின்றார். ஓங்கிய கை ஓங்கியபடியே இருந்தது.

"அய்யா, கைய எறக்குங்க" என்றாள் மருதாயி.

இறக்கினார். அந்த இடத்திலேயே உட்கார்ந்தார். நான் அழவில்லை. அவர் முதுகில் இரண்டு கையாலும் மாறி மாறிக் குத்தினேன். குனிந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் மழை விட்டதும் குரங்கணி வரை நடந்து இறங்கி, போடிக்கு வந்து பஸ்சு ஏறினோம். ஊருக்கு வந்ததும் திருப்பதி மீசையைக் கேட்டார். "வீடே போயிருச்சு, எங்கன தங்குறது? இது கணக்குல வராது" என்றார் இவர். "நீ எப்படித் தப்பிச்ச மாப்ளே?" என்று கேட்டதற்கு, "மண்ணப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முன்னாலயே மேல வந்துட்டேன்" என்றார். நான் உள்ளே அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன். ஊதுகுழலாலேயே ஒன்று போடலாமா என்று இருந்தது. ஆனால் வெளியே போய், நான் புருஷன் பேரைச் சொன்னவள் என்று யாரிடம் சொல்ல? அதை விழுங்கிக்கொண்டேன். ஐந்தாறு மாசம் அது தொண்டையிலேயே நின்றது.

ஐப்பசியில் அடுத்த எலெக்‌ஷனுக்கு வோட்டர் லிஸ்ட் எழுத ஒருத்தர் வந்தார். வாசலில் இவர் மம்பட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திருப்பதி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் நோட்டைப் பிரித்துக்கொண்டு என் பேரைக் கேட்டார். சுப்புத்தாய் என்றேன். "புருஷன் பேர்?" என்றார். நான் வழக்கம்போலப் பொன்னுமணியைத் தேடினேன்.

"அவளையே கேளுங்க" என்றார் இவர், காம்பிலிருந்து தலையை எடுக்காமல்.

"நீங்களே சொல்லிடலாமேண்ணே, பொம்பளைங்க சொல்ல மாட்டாங்க."

"அவ சொல்லட்டும். அவ சொன்னதுனாலதேன் நான் இங்கன ஒக்காந்திருக்கேன்."

திருப்பதி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவரும் இப்போது தலையைத் தூக்கி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்படிக்கு வந்தேன்.

"ஜக்கையன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.