நான்காவது பட்டை

புதன்கிழமை மாலை தபால் நிலையத்திலிருந்து வீடு திரும்பிய ருமியானா, கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் படுக்கையறை வாசலிலேயே நின்றுவிட்டாள். ஈஸ்டர் வருகிறதென்றால் ரூசே நகரத்தில் எல்லார் வீட்டிலும் வெள்ளையடிப்பார்கள். அவள் கணவன் மெதோதி அலமாரியை அறை நடுவே இழுத்துப் போட்டு, ஏணிமேல் நின்று, சுவரை ஏறக்குறைய முடித்திருந்தான். ஜன்னலோரத்து விரிசலைப் பூசி மறைத்திருந்தான். அதன் குறுக்கே ஒட்டியிருந்த, உள்ளங்கை நீள ஜிப்சம் பட்டையைக் காணோம்.

"பட்டை எங்க?"

"எது, அந்தப் பிளாஸ்திரியா? சுரண்டிட்டேன். பண்டிகையும் அதுவுமா அசிங்கமா இருந்துச்சு."

நாளைக் காலை பதினொரு மணிக்கு நகராட்சி எஞ்சினியர் தோப்ரேவா அதைப் பார்க்கத்தான் வருகிறார். போன ஏப்ரலில் மாடிப்படிச் சுவரில் மூன்றும் இங்கே ஒன்றுமாக ஒட்டி, பென்சிலால் தேதி எழுதிவிட்டுப் போனவர் அவர். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் பட்டை உடைந்துவிடும். நான்கும் ஓராண்டு உடையாமல் இருந்தால், பால்கனிக்கடியில் கல்முகங்கள் வைத்துக் கட்டிய இந்த நூற்றுப் பத்து வருஷத்து வீடு பழங்காலக் கட்டடங்களின் பாதுகாப்புப் பட்டியலில் நிலைக்கும். நகராட்சியே பழுது பார்க்கும். ஒன்று உடைந்தாலும் ஆபத்தான கட்டடம் என்று எழுதிவிடுவார்கள். கீழ்வீட்டுக் கமெனுக்கு அதுதான் வேண்டும். வீட்டில் பாதி அவனுடையது. இடித்துவிட்டு ஒன்பது மாடி எழுப்ப ஆள் பிடித்து வைத்திருந்தான். அவனைத் தடுக்க ருமியானா ஒரு வருஷமாகக் கையெழுத்து வாங்கி அலைந்தாள்; அவள் ஏறாத அலுவலகம் இல்லை.

அவள் முற்றத்துக்கு ஓடிக் குப்பை வாளியைக் கவிழ்த்தாள். கமென் ஜன்னலில் தலையை நீட்டினான்.

"என்ன ருமியானா, புதையலா? வீட்ட வித்திருந்தா இப்படிக் குப்பையக் கிளற வேண்டாமே."

கம்மல் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைக் கைப்பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். சமையலறை மேஜையில் பொருத்திப் பார்த்தாள். ஏழு துண்டுகள். மெதோதியின் சுரண்டும் தகடு உடைத்த ஓரங்கள் உப்பு மாதிரி வெள்ளையாக இருந்தன. ஒரே ஒரு ஓரம் மட்டும் சாம்பல் நிறம். அதில் தூசி படிந்து, ஒட்டடை இழை ஒன்றும் சிக்கியிருந்தது. இன்றைக்கு உடைந்ததில் தூசி ஏது?

மெதோதி தொட்டியில் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டிருந்தான். பிப்ரவரியில், குளிர்காற்று வருகிறதென்று, அந்த இடத்துக்கு அலமாரியை நகர்த்தியவன் இவன்தான்.

"உடைஞ்சத நீ அப்பவே பாத்திருக்க," என்றாள்.

அவன் குழாயை மூடினான். "சொல்லியிருந்தா நீயே போய் எஞ்சினியர்கிட்ட எழுதிக் குடுத்திருப்ப. உனக்குப் பொய் வராது. எனக்கு முட்டாள் வேஷம் நல்லா வரும்."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சுவரில்தான் பால்கனி தொங்குகிறது. அதற்கு நேர் கீழே பஸ் நிறுத்தம்.

காலையில் துண்டுகளை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் என்பதால் முட்டைகளுக்குச் சாயம் போட்டாள். வெந்த முட்டையை எடுத்தாள், மறுபடி போட்டாள், ஜன்னலுக்குப் போனாள், வந்தாள். வழக்கப்படி முதல் சிவப்பு முட்டையை மெதோதியின் கன்னத்தில் தேய்த்தாள். அவன் குனிந்து கொடுத்தான்.

"மூணு முழுசா இருக்கு. நாலாவத என் புருஷன் பண்டிகைக்குச் சுரண்டிட்டான்னு சொல்லு. அதுல பொய்யே இல்லையே."

உண்மைதான். அந்த ஒரு வாக்கியம் போதும், வீடு பிழைத்துவிடும். அவள் அதை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

பதினொன்றுக்கு மணி அடித்தது. மெதோதி கதவைத் திறக்கப் போனான். மரப்படிகளில் காலடி ஏறி, ஒவ்வொரு பட்டையிடமும் நின்று, மறுபடி ஏறியது. பிறகு தோப்ரேவா படுக்கையறைக்குள் வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். மெதோதி அசட்டுச் சிரிப்போடு வாசலில் நின்றான்.

சுவர் முழுக்கக் காய்ந்து வெளுத்திருந்தது. ஜன்னலோரத்தில் பூசிய இடம் மட்டும் காயவில்லை. கூரையிலிருந்து தரைவரை கறுத்த ஈரக்கோடு ஒன்று, யாரோ நிதானமாக வரைந்ததுபோல இறங்கியது. கீழே பஸ் ஒன்று வந்து நின்றது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

"எங்க அந்தப் பட்டை?" என்றார் தோப்ரேவா.

ருமியானா ஏப்ரன் பைக்குள் கையை விட்டாள். சாயம் காயாத விரல்களில் துண்டுகள் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டன. சாம்பல் ஓரமுள்ளதை முதலில் எடுத்து அவரிடம் நீட்டினாள்.